சங்கிலியத்தின் கீழே

அச்சம் என்பது கணக்குத் தெரியாதவர்களுக்கு வரும் நோய். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. இருட்டைக் கண்டு பயப்படுகிறவனுக்கு அறையின் நீள அகலம் தெரியாது. உயரத்தைக் கண்டு பயப்படுகிறவனுக்குக் கைப்பிடிச் சுவரின் கனம் தெரியாது. தேர்வைக் கண்டு பயப்படுகிறவனுக்கு எதுவுமே தெரியாது. அளவு தெரிந்த இடத்தில் அச்சத்துக்கு வேலை இல்லை. மனிதகுலம் சில ஆயிரம் ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்த இந்த உண்மையைக் கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, கல்லூரிப் பேருந்தின் கடைசி இருக்கையில் வைத்து நான் கண்டுபிடித்தேன். எங்கள் துறையின் சுவர்ப் பத்திரிகையில் வெளியிட்டேன். பதினோரு பேர் படித்தார்கள். இரண்டு பேர் எழுத்துப்பிழை திருத்தினார்கள்.

அந்தப் பத்திரிகைக்கு ஆசிரியர், எழுத்தாளர், பசை தடவி ஒட்டுகிறவர் எல்லாம் நான்தான். விடுமுறையிலும் போய் ஒட்டுவேன்.

விடுமுறையில் அக்காவிடம் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்தேன் என்பது என் சொல். "வீட்ல மல்லாந்து படுத்து ஃபேனை எண்ணிட்டு இருக்கறதுக்கு இங்க வந்து கோடு போடு" என்பது அவள் சொல்.

அக்கா கட்டுவது செங்கல் கூரைகள். கம்பி கிடையாது, கான்கிரீட் கிடையாது. இரண்டு பக்கமும் தரையிலிருந்தே வளைந்து எழும்பி உச்சியில் சேர்ந்துகொள்ளும். எதுவரை சுவர், எங்கிருந்து கூரை என்று யாரும் சொல்ல முடியாது. முதலில் மரத்தால் ஒரு அச்சு செய்வார்கள். அதற்கு சென்ட்ரிங் என்று பெயர். அதன் மேல் செங்கல் அடுக்கி, சாந்து இறுகும்வரை காத்திருந்து, பிறகு அச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்குவார்கள். இறக்கிய பிறகு கூரை நின்றால் தொழில். நிற்காவிட்டால் செய்தி.

அவளுடைய ஆட்களிடம் இரண்டு வழக்கங்கள் இருந்தன. முதல் வழக்கம், வரைபடம் போடும் முன் ஒரு பலகையில் இரண்டு ஆணி அடித்து, மெல்லிய சங்கிலி ஒன்றைத் தொங்கவிடுவது. அது தொங்குகிற வடிவத்தைப் பென்சிலால் வரைந்து, பலகையைத் தலைகீழாகத் திருப்பினால் அதுதான் கூரை. இரண்டாவது வழக்கம், அச்சை இறக்கும் நாளில் வரைபடத்துக்குப் பொறுப்பானவர் கூரையின் நடுவில், கீழே போய் நிற்பது. தனியாக. அச்சைத் தாங்கும் கடைசி ஆப்பு தளரும்வரை. அக்கா இதுவரை பத்தொன்பது கூரைகளின் கீழ் நின்றிருக்கிறாள்.

ஒரே வாரத்தில் இரண்டையும் பத்திரிகையில் ஏற்றினேன். முதல் கட்டுரையின் தலைப்பு 'சங்கிலி ஜோசியம்'. இரண்டாவது 'நரபலி: ஒரு தொழில்நுட்ப அறிமுகம்'. அக்காவிடம் காட்டினேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"நல்லாத்தான்டா எழுதற. உள்ள நின்னுட்டு எழுதினா இன்னும் நல்லா வரும்."

"எனக்கு எழுத உயிர் வேணும்க்கா."

மேஸ்திரி சிரிக்கவில்லை. அவரை எல்லோரும் ரசமட்டம் என்பார்கள். எதைப் பார்த்தாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, அது நேராக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். மனிதர்களையும் அப்படித்தான். என்னை முதல் நாளே அப்படிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் சாய்வாத்தான் இருக்கு" என்றார். அன்றிலிருந்து எனக்குப் பெயர் புரொபசர்.

இருபதாவது கூரை ஒரு விதைக் கிடங்கு. அகலம் ஐந்து மீட்டர், உயரமும் ஐந்து மீட்டர், செங்கல்லின் கனம் இருபத்திரண்டு சென்டிமீட்டர். அக்கா வேறொரு இடத்தில் மாட்டிக்கொண்டிருந்ததால் வளைவை வரையும் வேலை எனக்கு வந்தது. அக்காவின் அலுவலகம் எங்கள் வீட்டு முன்னறைதான்; பலகையும் சங்கிலியும் அதன் மூலையில் சாய்ந்திருந்தன. நான் கணினியைத் திறந்து மூன்று நிமிடத்தில் ஒரு பரவளையம் வரைந்தேன். பந்தைத் தூக்கிப் போட்டால் போகுமே, அந்த வளைவு. சங்கிலி தொங்குவதும் அதுதான் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டிருந்தால், பார்த்தாலே தெரிகிறதே என்றிருப்பேன்.

ரசமட்டம் தலையைச் சாய்த்து வரைபடத் தாளைப் பார்த்தார்.

"சங்கிலி மாட்டிப் பாத்தாச்சா புரொபசர்?"

"பாத்தாச்சு."

சங்கிலி மாட்ட அரை மணி நேரம் ஆகும். அந்தச் சொல்லைச் சொல்ல ஒரு விநாடி ஆனது. மிச்சப்பட்ட நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று இப்போது நினைவில்லை.

சாயங்காலம் அக்கா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் தாளைக் கையில் எடுத்தாள்.

"சரி பாத்தியா?"

"அக்கா, நான் கணக்கு படிக்கறேன்."

"அதான் கேக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

அந்த வளைவுக்கு மரப்பட்டைகள் அறுத்து அச்சு செய்தார்கள். அதன் மேல் ஐந்து வாரம் செங்கல் அடுக்கினார்கள்.

அச்சை இறக்கும் நாள் வந்தது. காலை பதினோரு மணிக்கு என்று முடிவாகியிருந்தது. நான் போகவில்லை. பத்திரிகையில் 'அருஞ்சொல்' என்று ஒரு பகுதி தொடங்கியிருந்தேன். வடிவியலில் யாரும் பயன்படுத்தாத ஒரு சொல்லைப் பிடித்து, அதன் பிறப்பு வளர்ப்பை விசாரித்து எழுதுவது. அந்த வாரச் சொல் சங்கிலியம், அதாவது தொங்கும் சங்கிலியின் வளைவு. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முதல் வரியை எழுதிவிட்டேன்: 'சங்கிலியம் என்பது பரவளையத்துக்கு ஜோசியர்கள் வைத்த பெயர்.'

இரண்டாவது வரிக்குத் தகவல் வேண்டியிருந்தது. நூலகத்திலிருந்து எடுத்து வந்த தடித்த புத்தகத்தைத் திறந்தேன்.

லத்தீனில் கத்தேனா என்றால் சங்கிலி. அதிலிருந்து வந்த பெயர். அதுவரை சரி. அந்தக் காலத்தின் மிகப் பெரிய விஞ்ஞானி ஒருவரே தொங்கும் சங்கிலி ஏறக்குறைய ஒரு பரவளையம் என்று எழுதியிருக்கிறார். ரொம்பச் சரி, நானும் அவரும் ஒரே கட்சி. அடுத்த பத்தியில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் வருகிறான். அது பரவளையம் இல்லை என்று நிரூபிக்கிறான். அறுபது வயதைத் தாண்டிய பிறகு, ஒரு கடிதத்தில் அந்த வளைவுக்கு லத்தீன் பெயர் வைத்தவனும் அவனே. பரவளையம் இல்லை என்பதால்தான் அதற்குத் தனிப் பெயர் தேவைப்பட்டிருக்கிறது.

அதே பக்கத்தில் இன்னொருவர். சங்கிலி தொங்குகிற வடிவத்தைத் தலைகீழாக்கினால் கல் வளைவு தானாக நிற்கும் என்று கண்டுபிடித்தவர். வேறு யாரும் திருடிவிடக் கூடாதே என்று அதை எழுத்துகளைக் குலுக்கிப் போட்டு, புரியாதபடி அச்சிட்டாராம். உயிரோடு இருந்தவரை விடையை வெளியிடவில்லையாம். விடை எங்கள் வீட்டு மூலையில் ஆணியோடு சாய்ந்திருந்தது.

தாழ்வான வளைவில் இரண்டுக்கும் வித்தியாசம் மிகக் குறைவு, அகலத்துக்குச் சமமாக உயரம் போனால் அதிகம் என்று புத்தகம் சொன்னது. கணக்குப் போட்டேன். இரண்டு முறை போட்டேன். உச்சியிலிருந்து ஒன்றே கால் மீட்டர் கீழே, என் கோட்டுக்கும் சங்கிலியின் கோட்டுக்கும் இடைவெளி பத்தொன்பது சென்டிமீட்டர்.

கூரையின் கனம் இருபத்திரண்டு. கோட்டுக்கு இந்தப் பக்கம் பதினொன்று, அந்தப் பக்கம் பதினொன்று; பாரம் செங்கல்லை விட்டே வெளியே ஓடுகிறது.

அளவு தெரிந்த இடத்தில் அச்சத்துக்கு வேலை இல்லை என்றேன். அளவு தெரிந்துவிட்டது. மில்லிமீட்டர் சுத்தமாகத் தெரிந்துவிட்டது. அந்த எண்ணைப் பார்க்க முடியாமல் புத்தகத்தால் மூடி வைத்தேன்.

மணி பத்து பத்து. அக்காவுக்குப் போன் செய்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ரசமட்டத்தின் போனும் அப்படியே. மரம் முனகுவது காதில் விழ வேண்டும் என்பதற்காக, அச்சு இறக்கும் நாளில் எல்லாப் போனையும் அணைத்து ஒரு வாளியில் போட்டுவிடுவார்கள். அதைப் பற்றியும் நான் ஒரு கட்டுரை எழுதுவதாக இருந்தேன்.

ஓடினேன். பேருந்து வந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது, அது அதன் வேலை. ஒரு அம்மா இரண்டு பைகளோடும் ஒரு நாற்காலியோடும் ஏறினார். நாற்காலியைக் குறுக்கே வைப்பதா நெடுக்கே வைப்பதா என்று நடத்துனரோடு விவாதித்தார். நான் எழுந்து அந்த நாற்காலியை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"புண்ணியவான்" என்றார் அந்த அம்மா.

இறங்கி ஓடும்போது மணி பதினொன்று ஐந்து.

கட்டட வாசலில் சத்தமே இல்லை. அதுதான் முதலில் என்னைப் பிடித்தது. எப்போதும் யாராவது கத்திக்கொண்டிருக்கும் இடம். அச்சைத் தாங்கும் இரண்டு நீள உத்தரங்கள் கிடங்கின் இரு முனைகளிலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் கீழேதான் ஆப்புகள். நான்கு மூலையிலும் நான்கு ஆட்கள் சுத்தியலோடு குந்தியிருந்தார்கள். முன் இடது மூலையில் ரசமட்டம், காதை மரத்தோடு ஒட்டி வைத்திருந்தார். உள்ளே, நட்ட நடுவில், தலைக்கவசத்தோடு அக்கா. கையைப் பின்னால் கட்டி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன் வலது, ஒரு தட்டு" என்றாள்.

டொக்.

நான் கத்தினேன். கத்தினேன் என்றுதான் நினைத்தேன். வெளியே வந்தது வெறும் காற்று. வாயைத் திறந்து மூடி மறுபடி திறந்தேன். தண்ணீரிலிருந்து எடுத்துப் போட்ட மீன்கூட இதைவிடச் சத்தம் போட்டிருக்கும்.

"பின் இடது, ஒரு தட்டு."

டொக். அதன் பிறகு வேறொரு சத்தம். மிகச் சின்னது. மரப்பட்டைகளுக்கு நடுவே விட்டிருந்த இடைவெளி வழியாக ஒரு சிட்டிகை சாந்து விழுந்து, அக்காவின் தலைக்கவசத்தில் பட்டுத் தெறித்தது. அவள் அசையவில்லை. கண்ணை மட்டும் நகர்த்தினாள்.

உள்ளே ஓடி அவளை இழுத்து வந்துவிடலாம். ஏழெட்டு அடிதான். வாசல்வரை போனேன். நிழல் தொடங்கும் கோட்டில் என் செருப்பின் நுனி நின்றது. அதற்கு மேல் போகவில்லை. போ என்றேன். கால் கேட்கவில்லை. நான் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சொல்வதற்கு முன். என் கூடப் பிறந்தவள் உள்ளே நின்றாள். நான் வெளியே நின்றேன்.

"அக்கா. சங்கிலி மாட்டல."

இந்த முறை குரல் வந்தது. அக்காவுக்கு முன்னால் ரசமட்டத்துக்குப் புரிந்துவிட்டது. மரத்திலிருந்து காதை எடுத்து என்னைப் பார்த்தார். தலையைச் சாய்க்காமல் நேராகப் பார்த்தார்.

"யாரும் தட்டாதீங்க" என்றார். "சுத்தியலக் கீழ வைங்க."

"என்னடா சொல்ற?" என்றாள் அக்கா, மேலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பொய் சொல்லிட்டேன். அது பரவளையம். பத்தொம்பது சென்டி வித்தியாசம். வெளிய வந்துடு."

"எந்த உயரத்துல?"

"அக்கா, வெளிய வா!"

"எந்த உயரத்துலன்னு கேட்டேன்."

"உச்சியிலேர்ந்து ஒண்ணே கால் மீட்டர் கீழ. ரெண்டு பக்கமும்."

அவள் பார்வை அங்கே போனது. "ஆமா. இருக்கு. முடி மாதிரி ஒரு விரிசல், உள்பக்கம்."

"மேடம், ஆப்ப ஏத்தவா?"

"ஏத்துங்க. ஒரே மூச்சா வேணாம். நான் சொல்றப்போ, நான் சொல்ற இடத்துல."

அப்போதுதான் அந்த வழக்கம் எதற்கு என்று எனக்குத் தெரிந்தது. மூலையில் குந்தியிருப்பவர்களுக்கு விரிசல் தெரியாது. எங்கே ஏற்ற வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது நடுவில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் ஓடிவிட்டால் மற்றவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு சுத்தியல் பிடிக்க வேண்டியதுதான்.

"முன் இடது, அரைத் தட்டு... போதும். பின் வலது... இல்ல இல்ல, நிறுத்து. மூச்சு வாங்கட்டும். பின் வலது, இப்போ."

பதினாறு நிமிடம். வாசலில் நின்று ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தரம் செத்தேன். கடைசியில் மரம் செங்கல்லைத் தொட்டு இறுகியது. ரசமட்டம் கையைத் தூக்கினார். அக்கா வெளியே வந்தாள். புருவத்தில் வெள்ளைத் தூசி. தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்தாள். ஆனால் மூடியைத் திரும்பப் போட முடியவில்லை. மூன்று முறை முயன்று, மூடியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அதைவிடப் பயமான ஒன்று உலகத்தில் இல்லை.

"அம்மா கிட்ட சொல்லாத" என்று மட்டும் சொன்னாள்.

ரசமட்டம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பாத்தாச்சுன்னு சொன்னீங்களே தம்பி" என்றார். புரொபசர் என்று கூப்பிட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். "இடிச்சிடலாமா மேடம்?"

அக்கா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கோடு தப்பு இல்ல. அந்தக் கோட்டுக்கு வேண்டிய பாரம் மேல இல்ல. ஓரம் கனமா இருக்கு, நடு லேசா இருக்கு. அதனால ரெண்டு விலாவும் உள்ள வரப் பாக்குது, உச்சி மேல எழும்பப் பாக்குது." என் பக்கம் திரும்பினாள். "போய்ப் பலகைய எடுத்துட்டு வா. சங்கிலியும்."

கொண்டு வந்தேன். என் வளைவைத் தலைகீழாகப் பலகையில் வரைந்தோம். அதன் மேல் சங்கிலியைத் தொங்கவிட்டோம். இரண்டு விலாவிலும் சங்கிலி என் கோட்டை விட்டு விலகி வெளியே தொங்கியது. எல்லோரும் பார்த்தார்கள். ஜோசியம் சரியாகத்தான் சொன்னது.

"இப்போ நடுவுல பாரம் ஏத்து" என்றாள் அக்கா. ஒரு டப்பா நிறைய நட்டு இருந்தது. கம்பியில் கோத்து ஒவ்வொன்றாகச் சங்கிலியின் நடுப்பகுதியில் மாட்டினேன். ஐந்து நட்டு மாட்டியதும் சங்கிலி விலாவை இழுத்துக்கொண்டது. ஒன்பதாவதில் கோட்டுக்கு மிக அருகில் வந்தது. நட்டுகளைத் தள்ளித் தள்ளி வைத்து, பன்னிரண்டாவதில் சங்கிலி என் பென்சில் கோட்டின் மேல் படுத்துக்கொண்டது. பன்னிரண்டு நட்டின் எடையைச் சங்கிலியின் எடையோடு ஒப்பிட்டு, உச்சியில் எத்தனை வரிசைச் செங்கல் கூடுதலாக வைக்க வேண்டும், எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்று கணக்கிட்டோம். ரசமட்டம் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பலகையைப் பார்த்தார்.

"இப்போ நேரா இருக்கு" என்றார். பலகையைச் சொன்னார்.

புதிய வரைபடம் நான்தான் போட்டேன். கையெழுத்துக் கட்டத்தில் அக்கா பேனாவை வைக்கும் முன்பே என் பெயரை எழுதிவிட்டேன். அவள் பார்த்தாள், பேனாவை மூடிவிட்டாள். 'அருஞ்சொல்' பகுதி அந்த வாரம் வரவில்லை. யாரும் விசாரிக்கவும் இல்லை.

உச்சியில் செங்கல் ஏற்றி, சாந்து இறுக இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் என் கனவில் ஒரு சிட்டிகை சாந்து விழுந்துகொண்டே இருந்தது.

மறுபடி ஒரு காலை. எல்லோரும் போனை அணைத்து வாளியில் போட்டார்கள். நானும் போட்டேன். நான்கு பேரும் மூலைக்குப் போனார்கள். அக்கா தலைக்கவசத்தை எடுக்கக் கையை நீட்டியபோது அது ஆணியில் இல்லை. என் தலையில் இருந்தது. பெரிதாக இருந்தது, காதுவரை இறங்கியது.

நிழல் தொடங்கும் கோடு வந்தது. இந்த முறை காலிடம் எதுவும் கேட்கவில்லை. உள்ளே மண்ணும் ஈர மரமும் மணத்தன. வெளியில் பேசுவது தூரத்தில் எங்கோ பேசுவது போல் ஆகிவிட்டது. நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தேன். இத்தனை செங்கல் எதற்காக மேலேயே இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. பட்டைகளின் இடைவெளியில் அந்த முடி போன்ற விரிசலைத் தேடிப் பிடித்து, அதிலேயே கண்ணை வைத்துக்கொண்டேன்.

வாசலில் அக்கா நின்றாள். ஒரு அடி எடுத்து வைத்தாள். பிறகு அந்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

"உள்ள யாரு?" என்று முன் மூலையிலிருந்து ரசமட்டத்தின் குரல். அவருக்குத் தெரியும்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஒரு கையால் இன்னொரு கையைப் பிடிக்கத்தான்.

"முன் இடது," என்றேன், "ஒரு தட்டு."

டொக்.

எதுவும் விழவில்லை. விரிசல் அகலவில்லை. பின் வலது. பின் இடது. முன் வலது. எவ்வளவு நேரம் என்று எண்ணவில்லை. எண்ணத் தோன்றவில்லை. ஒரு கட்டத்தில் பட்டைக்கும் செங்கல்லுக்கும் நடுவே நூல் கனத்துக்கு வெளிச்சம் ஓடியது. பிறகு விரல் கனத்துக்கு. மரம் கீழே இருந்தது, கூரை மேலே இருந்தது, இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை.

"டேய், வெளிய வா. முடிஞ்சிது" என்றாள் அக்கா.

"கடைசி ஆப்பு இன்னும் தளரல. பின் வலது," என்றேன் நான், விரிசலிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னும் ஒரு தட்டு."